ரேடியோவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இதைச் சொல்லலாம். அவள் இருந்தவரை வாயைத் தைத்துக்கொண்டு இருந்தேன். ஜப்பான்காரன் காலத்துக் கதை சொல்லுங்கள் என்று கேட்ட பிள்ளைகளிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். கிழவனுக்குத் திமிர் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பினாங்கில் அரிசி கண்ணில் படாத காலம் அது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. சண்டைக்கு முன்பு நான் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவன். அக்கா புருஷன் லாரி டிரைவர். ஜப்பான் ராணுவம் கிராமாட் ரோட்டில் பிடித்து வைத்திருந்த பட்டறையில் அவரை லாரி ஓட்டப் போட்டிருந்தார்கள். லாரிக்குள் ஒரு ரேடியோ இருந்தது. பாட்டுப் பெட்டி இல்லை, ஓடுகிற வண்டியிலிருந்தே பேசவும் கேட்கவும் ஆகிற செட்டு. வெள்ளைக்காரன் ஓடும்போது விட்டுவிட்டுப் போனது.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் ஒரு சிப்பாய் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். பட்டறையில் மச்சான் லாரிப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். உதடு வீங்கி, நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. காலையிலிருந்து செட்டில் சத்தம் கேட்கிறது, ஆனால் பேசினால் போகவில்லை. லாரிச் சாவி மச்சானிடம்தான் இருந்தது. ஆகவே அவர்தான் கெடுத்தார் என்று ஜப்பான் ஆபீசர் முடிவு கட்டிவிட்டான்.

அவனுக்குத் தெரிந்தது அரைகுறை மலாய். "ரோசாக் செண்டிரி, பூலாங்," என்றான். தானாகக் கெட்டதென்றால் வீட்டுக்குப் போகலாம். "ஓராங் புவாட்..." ஆள் கெடுத்ததென்றால் என்ன என்பதைச் சொல்லவில்லை, விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான்.

"மச்சான், இதுல கைய கிய்ய வெச்சீங்களா?"

"முருகன் சத்தியமா இல்ல மாப்ளே. எனக்கு இதப் பத்தி என்னா தெரியும் லா?"

அது உண்மை. பக்தியைத் தவிர அந்த மனுஷனுக்கு எதுவுமே தெரியாது. ஆயுத பூசை வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து டயர் வரை பொட்டு வைப்பார். "வண்டிக்குக் கல்யாணமா மச்சான்?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே என் நெற்றியிலும் ஒன்று அப்பிவிட்டுப் போவார்.

செட்டைத் திறந்தேன். பேட்டரி சரி. பேசுகிற பொத்தானை அழுத்தினால் டைனமோ உறுமுகிறது. வால்வுகள் எரிகின்றன. சின்ன பல்பு ஒன்றைக் கம்பி வளையத்தில் கட்டி உள்ளே காட்டினேன், எரிந்தது. ஏரியல் பக்கம் கொண்டுபோனேன், செத்துக் கிடந்தது. அப்படியென்றால் உள்ளே சக்தி பிறக்கிறது, ஏரியலுக்கு வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரிலே. பொத்தானை அழுத்தினால் அதன் தகடு டக்கென்று சாய்ந்து, கேட்கிற பக்கம் இருந்த ஏரியலைப் பேசுகிற பக்கம் சேர்க்கும். தகடு சாய்ந்துகொண்டுதான் இருந்தது. குனிந்து பார்த்தேன்.

பேசுகிற பக்கத்து முனையில், காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் ஒரு துளி குங்குமம்.

தலையைத் தூக்காமலே கேட்டேன். "பொட்ட எங்க வெச்சீங்க மச்சான்?"

"உள்ளதான் மாப்ளே. வெளிய வெச்சா இவனுங்க தொடச்சிப்புடுவானுங்க. மூடியத் தொறந்து, பளபளன்னு இருந்த எடத்துல..." பாதியில் நிறுத்திவிட்டார். புரிந்துவிட்டது அவருக்கு.

அட பாவி மனுஷா! வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயே என்று கத்தத் தோன்றியது. கத்த முடியுமா? ஆபீசர் பின்னால் நின்றான். எச்சில் தொட்டு, விரலால் துடைத்து, சட்டை ஓரத்தில் தேய்த்தேன். எட்டின மட்டும் நகத்தால் சுரண்டினேன். தகட்டின் அடியில் நகம் போகவில்லை. திரும்பி, கடல் காற்று, உப்பு பிடித்துவிட்டது, தானாகக் கெட்டதுதான் என்று மலாயில் சொன்னேன்.

ஆபீசர் தலையாட்டினான். அழுத்திக் காட்டு என்று சைகை செய்தான். அழுத்தினேன். ரிலேயில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. ஏரியல் பக்கம் பிடித்திருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது. முருகா, தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோதே வாசனை கிளம்பியது. தகட்டின் அடியில் ஒட்டியிருந்தது கருகிவிட்டது. பெட்ரோல் நெடியும் கிரீஸ் நெடியும் அடிக்கிற பட்டறையில், கோயில் மாதிரி சந்தன வாசனை.

ஜப்பான்காரர்கள் கோயிலிலும் சந்தனம் கொளுத்துவார்களாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆபீசர் மூச்சை இழுத்துப் பார்த்தான். என் கையைப் பிடித்து விரலை மோந்து பார்த்தான். பிறகு நடந்துபோய், மச்சானின் மோவாயைத் தூக்கி அவர் நெற்றியைப் பார்த்தான். சாமிக்கு வைத்தது, எங்கள் வழக்கம், எல்லா வண்டிக்கும் வைப்போம் என்று எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் கொட்டி அழுதேன். காலில்கூட விழுந்தேன். எட்டி உதைத்தான்.

பிறகு லாரியில் ஏறி, நான் சரிசெய்த செட்டில் பேசினான். பதில் கணீரென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் மிலிட்டரி போலீஸ் வண்டி வந்து நின்றது. சரிசெய்த பிறகு அந்தச் செட்டில் போன முதல் பேச்சே அவர்களைக் கூப்பிட்டதுதான்.

ஏற்றும்போது மச்சான் என்னைப் பார்த்தார். அழவில்லை. "மாப்ளே, சந்தனம்னு அக்காகிட்ட சொல்லிடாத. அவதான் அரைச்சா," என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

என்னை விட்டுவிட்டார்கள், பழுதுபார்க்க ஆள் வேண்டுமே. பட்டறை வாசலில் அக்கா தூக்குச்சட்டியோடு நின்றாள். போலீஸ் வண்டி போன பிறகுதான் வந்திருக்கிறாள், உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. செட்டைச் சரிசெய்தால் புருஷனை விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது.

"ரேடியோ பேசுதாடா தம்பி?"

"பேசுதுக்கா."

"அப்பாடா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கிழங்கு ஆறிவிடப் போகிறது, அவரைச் சீக்கிரம் வரச்சொல் என்றாள்.

வேறெங்கோ வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. அன்றைய பூசையில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அதனால் சாகிறவரை ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதே கல்லில் சந்தனம் அரைத்தாள். என் ஸ்க்ரூட்ரைவர்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிடுவாள். நான் போய் நெற்றியைக் காட்டுவேன்.