பறந்து போன ஆந்தை

பேய், சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆயுசெல்லாம் கணக்கு வாத்தியார். பஸ்ஸில் போனால்கூடப் பனைமரங்களை எண்ணிக்கொண்டு போகிறவன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புதூர்ப் பக்கம் எங்கள் ஊரில், காட்டுப்பன்றி வராமலிருக்கக் கட்டிய நைலான் வலையில் ஓர் ஆந்தை இறக்கை முறிந்து சிக்கியிருந்தது. அறுத்தெடுத்து வந்து கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் வைத்தேன். என் கையால் கொடுத்தால்தான் எலியைத் தொடும். நான் வாய்விட்டு எதையாவது எண்ணினால் தலையைச் சாய்த்துக் கேட்கும்.

என் மனைவி செல்லத்தாய்க்கு இதயத்தில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று திருநெல்வேலியில் சொல்லியிருந்த நேரம்.

"சாவு கூப்புடுத பறவைய வீட்டுல வச்சுக்கிட்டு என்னைய ஆஸ்பத்திரிக்கு வேற கூப்புடுதியளாக்கும்? அது நல்லபடியாப் பறந்து போவட்டும், வாரேன்."

"அது எலி திங்குத ஜீவன். ஒன்னையவா திங்கப் போவுது?"

"ஒங்களுக்கென்ன, நான் போயிட்டா வேற எதையாவது எண்ணிக்கிட்டு இருப்பிய."

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நாளுக்கு முந்தின காலை பஞ்சாரத்தைத் தூக்கினேன். ஆந்தை விறைத்துக் கிடந்தது. அவள் இன்னும் தூங்கி எழுந்திருக்கவில்லை. ஆந்தையைப் பழைய துண்டில் பொதிந்து, வீட்டுக்குப் பின்னால் உளுந்துக் காட்டில், மழையில் ஊறிய கரிசல் மண்ணில் நானே குழிதோண்டிப் புதைத்தேன். வந்து, "பறந்துட்டு" என்றேன்.

"நான் கண்ணால பாக்காம வரமாட்டேன்."

அன்று பகல் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவதும் எழுவதும் ஓட்டுக் கூரையில் ஓடுகளை எண்ணுவதுமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால் வரமாட்டாள். வராவிட்டால் அவள் எனக்கு இல்லை. பொழுது சாயும்போது கொல்லைவாசலிலிருந்து, "ஏங்க, இங்கன வாங்க" என்றாள்.

எலி பிடிக்கிற பறவைகள் உட்காரட்டும் என்று காட்டுக்குள் நட்டிருந்த கம்பின் மேல் ஆந்தை இருந்தது. வேறு ஆந்தை என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு இரண்டு இறக்கையும் நன்றாக விரித்துப் பறந்து போயிற்று.

"சரி, துணிப்பைய எடுத்து வைங்க" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள். புதைத்ததை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரில் வைத்து அவள் ஒன்று கேட்டாள்.

"ஏங்க, அது மொகமெல்லாம் ஈரக் கரிசல் அப்பிக் கெடந்துச்சே, பாத்தியளா?"

என் கண்ணுக்கு அது வெள்ளை வெளேரென்றுதான் தெரிந்தது.