கழுதை வந்துட்டு

கல்யாணமாகிப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்கள் எனக்கும் என் மாமியாருக்கும் இடையில் பெரிதாகப் பேச்சே இல்லை. சண்டையும் இல்லை. "உப்புப் போட்டாச்சா", "பால் வந்துட்டா" என்ற அளவில் நாள் ஓடியது. நான் முக்கூடல்காரி. எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிற வீட்டில் வளர்ந்தவள். இங்கே மாமா காலையில் பேப்பரை விரித்தால் கடைசிப் பக்க விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் நிமிர்வார். அத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவன் கோயிலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பதிகம் பாடுவார். மற்ற நாட்களில் வாயைத் திறந்து ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. என் கணவர் கால்நடை மருத்துவர். களக்காட்டு ஆஸ்பத்திரிக்கு விடிந்ததும் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்.

அப்படி இருந்த வீட்டை ஒரு கழுதை வந்து கலகலப்பாக்கியது.

எங்கள் மாடியில் குடியிருந்த அக்காவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அந்தத் தை மாதம் விடுமுறையில் வந்தவர், சிங்கப்பூரில் வாங்கிய பாட்டுக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ஏதோ ராஜா ராணிக் கதையாம். கார்ட்டூன் படம். படமே இன்னும் வரல்ல, பாட்டு மட்டும்தான் வந்திருக்கு. அங்க கடைவாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு அட்டைக் கழுதைய நிப்பாட்டி வச்சிருக்கான். பிள்ளைகள் எல்லாம் அதுகூட நின்னு போட்டோ எடுக்குதுவ. கோடை லீவுக்கு நம்ம ஊருக்கும் வந்துரும்னு சொல்லுதான்."

எனக்குக் கார்ட்டூன் என்றால் உயிர். கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவள் நான்தான். ஆனால் புது மருமகள் அதையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டேன். அத்தை கோயிலுக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டு பாதி ஓடியபோது பின்கட்டிலிருந்து, கையில் அரிவாள்மணையோடு வந்து நின்றார்.

"யாருட்டி பாடுதா?"

"கழுதை, அத்தை" என்றேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கேசட் அட்டையை எடுத்து நீட்டினேன். அரண்மனை வாசலில் ஒரு சாம்பல் நிறக் கழுதை, வீணை மாதிரி ஏதோ ஒரு வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே கோபுரத்துச் சன்னலில் ஒரு பெண் தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கழுதையா இப்படிப் பாடுது?" அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சத்தத்தக் கூட்டு. இது மோகனம்லா!"

அன்றைக்குப் புடலங்காய் அரிபடவே இல்லை.

பாட்டெல்லாம் இங்கிலீஷ். நான் பட்டப்படிப்பு படித்தவள்தான், ஆனாலும் அந்த வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை பிடிபட்டால் நாலு வார்த்தை ஓடிவிடும். நிலா, கிணறு, வழி, அம்மா என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்ததைச் சொல்வேன். மிச்சக் கதையை அத்தை கட்டினார். கழுதை பிறவிக் கழுதை இல்லையாம், ஒரு கந்தர்வனாம். ஏதோ ஒரு முனிவரின் குரலைக் கேலி செய்திருக்கிறான், 'நீ கழுதையாகப் போ' என்று அவர் சபித்துவிட்டார். கோபுரத்துப் பெண்ணுக்கு ஒரு சித்தி. அவள்தான் கொடுமைக்காரி. ஐந்தாவது பாட்டில் கரகரத்த குரலில் இழுத்து இழுத்துப் பாடுகிறாளே, அவளேதான்.

"அவ பாட்ட ஓட்டிவிட்டுரு. கேட்டாலே பத்திக்கிட்டு வருது" என்பார். நானும் ஓட்டிவிடுவேன்.

மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்ததும் எங்களுக்கு அதே வேலையாகிவிட்டது. "அந்தப் பிள்ளை சன்னல்ல இருந்து எப்படிட்டி இறங்கி வருவா?" என்று அத்தை ஆரம்பிப்பார். நான் ஒரு வழி சொல்வேன், அவர் வேறு வழி சொல்வார். ஒரு நாள் பேச்சு முற்றி, நான் என்னை மறந்து, "இல்லவே இல்ல அத்தை, ஒங்களுக்குக் கதையே தெரியல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அத்தையோ விழுந்து விழுந்து சிரித்தார். மாடி அக்கா என்னவோ ஏதோ என்று இறங்கி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவரும் எங்களோடு உட்கார ஆரம்பித்தார்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "கழுதைக்குத் தொண்டை அமைப்பே வேறம்மா. மூச்சை உள்ள இழுக்கும்போதும் கத்தும், வெளிய விடும்போதும் கத்தும். பாட்டெல்லாம் நடக்காது" என்றார்.

"நீ பார்த்த கழுதையெல்லாம் சீக்குக் கழுதைலே. அது எப்படிப் பாடும்?" என்றார் அத்தை.

சித்திரை பிறந்தது. சென்னையில் படம் வந்துவிட்டதாகப் பேப்பரில் விளம்பரம் வந்தது. பிறகு மதுரையில். திருநெல்வேலித் தியேட்டர்களின் பெயர்களுக்குக் கீழே மட்டும் அது வரவில்லை. விளம்பரப் பக்கத்தை முதலில் பார்த்துச் சொல்வது மாமாவின் பொறுப்பு என்று அத்தை உத்தரவு போட்டுவிட்டார். தினமும் காலையில் மாமா கூடத்திலிருந்து, நிமிராமல், கோர்ட்டில் டவாலி கூப்பிடுவதுபோல அறிவிப்பார்.

"இன்னைக்கும் கழுதை இல்ல."

வைகாசி நெருங்கியதும் அத்தை பொறுமை இழந்துவிட்டார். ஒரு நாள் காலையில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, "கிளம்புட்டி" என்றார். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பஸ் ஏறி ஜங்ஷனில் இறங்கி, அந்தப் பக்கத்தில் எப்போதாவது இங்கிலீஷ் படம் போடுகிற ஒரு தியேட்டருக்குள் நேராகப் போனார். டிக்கெட் கொடுக்கும் இடத்தைத் தாண்டி மானேஜர் அறை வாசலில் நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, கழுதை படம் எப்ப போடப் போறிய?"

மானேஜர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே நிறுத்திவிட்டார். "எந்தப் படத்தம்மா சொல்லுதிய?"

"கார்ட்டூன் படம். கழுதை பாடுமே, அது."

"ஓ, அதுவா!" அவர் சிரித்துவிட்டார். "அம்மா, இங்கன அதுக்கு யாரு வருவா? படப் பெட்டி எடுத்துட்டு வந்து காலி நாற்காலிக்குப் படம் காட்டவா? பிள்ளைகள் வரும், சரி. கூட்டிட்டு வர ஆள் வேணும்லா?"

"ஆள் வந்தாப் போடுவியளா?"

"மாடி சீட்டெல்லாம் நெறஞ்சுதுன்னா காலைக் காட்சி போடுதேன்." விளையாட்டாகத்தான் சொன்னார்.

"பேச்சு மாறக் கூடாது, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அத்தை திரும்பி நடந்தார். வெளியே வந்ததும் முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லாப் பேசிட்டேனாட்டி?" என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பதிகம் பாடி முடித்து, சுண்டல் கைக்கு வருவதற்கு முன்னால், அத்தை விஷயத்தை அவிழ்த்தார்.

"கழுதை பாடுததக் கேக்கக் காசு குடுத்துப் போணுமா மதினி? எங்க வீட்டுலயே ஒருத்தர் பாடுதாரே" என்றார் ஒருவர். மண்டபமே சிரித்தது. அத்தை அசரவில்லை. அந்த இரண்டாவது பாட்டை, வார்த்தை இல்லாமல், "லா லா" என்று பாடிக் காட்டினார். சன்னதிக்கு எதிரே என்பதால் நான் மட்டும் கொஞ்சம் நெளிந்தேன். குருக்கள் எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், கேசட்டைக் கேட்க மறுநாள் எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மாடி அக்கா அவர் பங்குக்கு மாதா கோயில் பாடற் குழுவில் பேசினார். அவர்களுக்கு இங்கிலீஷ் பாட்டு புதிதில்லை. ஒரே வாரத்தில் நாலு பாட்டை, மேல் குரல் கீழ்க் குரல் பிரித்து, படித்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் எங்கள் பதிகக் குழுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. படம் வருவதற்கு முன்பே பாளையங்கோட்டையில் அந்தப் பாட்டுகள் தெருத்தெருவாக நடமாட ஆரம்பித்தன. எதிர்வீட்டில் மாவாட்டுகிற சத்தத்துக்கு மேலே கழுதைப் பாட்டு கேட்கும். மாடி அக்கா தியேட்டருக்கு இரண்டு முறை போய், வரப்போகிறவர்கள் தொகையைச் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு ஒரு நாள் காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களைப் பக்கமே வராத மாமா, பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடி வந்தார்.

"வந்துட்டு! கழுதை வந்துட்டு!"

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. என் கணவர் தலையில் சோப்பு நுரையோடும் இடுப்பில் துண்டோடும் வெளியே வந்தார். "வீட்டுக்கே கொண்டு வந்துட்டானா? எங்க கட்டியிருக்கான்? என்ன செய்யுதாம்?"

அத்தை சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கல்லில் தோசை கருகிப் போனது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் அப்படி ஒரு கூட்டத்தை அந்த மானேஜர் பார்த்திருக்கவே மாட்டார். தலை நிறையப் பூவும் பட்டுச்சேலையுமாகப் பதிகக் குழு ஒரு பக்கம். பூசை முடிந்து நேராக வந்த பாடற் குழு ஒரு பக்கம். நடுவில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். மாடி நிறைந்து கீழேயும் உட்கார்ந்தார்கள். மாமா, "துணைக்கு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முந்தி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். என் கணவரும் வந்தார்.

விளக்கு அணைந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

படத்தில் கந்தர்வனும் இல்லை, முனிவரும் இல்லை. பிள்ளையில்லாத ஒரு ராஜாவுக்கும் ராணிக்கும் கழுதையாகவே ஒரு குழந்தை பிறக்கிறது. ராஜா வெட்கப்பட்டு அதைக் காட்டுக்கு அனுப்பச் சொல்லிவிடுகிறான். இரண்டாவது பாட்டு வந்ததும் மாடி முழுக்கச் சேர்ந்து பாடினோம். கீழே இருந்த சில கல்லூரிப் பையன்கள் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் கை தட்டினார்கள்.

பாதிப் படத்தில் அந்தக் கரகரத்த குரல் தொடங்கியது. "சித்தி வந்துட்டா" என்று அத்தை என் காதில் முணுமுணுத்தார். திரையில் சித்தியைக் காணோம். கழுதையைப் பெற்ற அந்த ராணி, வயதாகி, காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து பாடுகிறாள். பிள்ளையை நினைத்து அழுது அழுது குரல் அப்படி ஆகியிருக்கிறது.

அத்தை பிடி இறுகியது. "அடிப்பாவி மக்கா, பெத்தவளாட்டி இவ?" என்றார். "இத்தன நாளும் ஓட்டி ஓட்டி விட்டோமே!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் மாடி அக்காவும் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் கரித்தது. ஆனால் அழுகையிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு இப்படி ஒன்று மிச்சம் இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

முடிவில் அந்தக் கோபுரத்துப் பெண் கிணற்றடியில் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். தோல் கழன்று விழுகிறது. உள்ளேயிருந்து பொன்முடியோடு ஒரு ராஜகுமாரன் வருகிறான். கல்லூரிப் பையன்கள் விசிலடித்தார்கள். மாடியில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மிச்சப் பேர் தட்டவில்லை.

வாசலில் மானேஜர் சிரித்த முகத்தோடு நின்றார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"படம் அருமை, அண்ணாச்சி. ஆனா கழுதைய மனுசனாக்கிட்டானே, அது சரியில்ல. இவன் மூஞ்சியப் பாத்தா பாடுதவன் மாதிரியா இருக்கு?" என்றார் அத்தை.

"ராஜகுமாரன் லெச்சணமாத்தானே மதினி இருக்கான்!" என்று பதிகக் குழுவிலிருந்து ஒரு குரல் எதிர்த்தது. விவாதம் பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலும் அதே பேச்சு. கழுதைக் கட்சி ஒரு பக்கத்து இருக்கைகளிலும் ராஜகுமாரன் கட்சி மறுபக்கத்திலும் உட்கார்ந்தன, இடம் கிடைக்காதவர்கள் நடுவில் நின்றார்கள். கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றுக் காற்று உள்ளே அடித்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏக்கா, கழுதைய மனுசனாக்குனா என்ன, மனுசனக் கழுதையாக்குனா என்ன, பையப் பைய உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் கண்டக்டர். பிறகு அவருக்கே பொறுக்கவில்லை. "என்ன கதை அது?" என்று கேட்டார். மாடி அக்கா முதலிலிருந்து சொன்னார். கேட்டுவிட்டு அவர் கழுதைக் கட்சியில் சேர்ந்தார்.

பாளை மார்க்கெட்டில் இறங்கியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் உச்சியில் நின்றது. எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது. மாமா என் கணவரைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குச் சோறு வாங்கப் போனார். திரும்பி வந்தபோதும் நாங்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். பொட்டலங்களை என்னிடம் கொடுத்துவிட்டு, மாமா முதல்முறையாகத் தன் கருத்தைச் சொன்னார்.

"எல்லாஞ் சரி. அந்தப் பொம்பளப் பிள்ளைக்கு ரெண்டுல எது புடிச்சுதுன்னு யாராவது கேட்டியளா?"

அது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மாடி அக்கா, "புடிக்காமலா கழுத்தக் கட்டிக்கிட்டா?" என்றார். "அப்ப அது கழுதைலா!" என்றேன் நான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. சாம்பார் ஆறிப் போனது.