காமாரியா கடைப் பலகை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஜியார் போட்ட சத்தம் ஷேக் அலாவுதீனின் காதை விட்டுப் போகவே இல்லை.

டத்தோ கிராமாட்டில் அரிசி மொத்தக் கடை வைத்திருந்தவர் முகம்மது ஹாஜியார். அவருடைய வேனை வருஷக்கணக்காக ஓட்டி வந்தவர் அலாவுதீன். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று ஒருமுறை வாயால் சொன்னால் போதும், மறக்கமாட்டார். கடைப் பலகைகளை மட்டும் அவர் ஒருநாளும் படித்ததில்லை. சிவப்புப் பலகை, சாய்ந்த எழுத்து, ஓரத்தில் ஒரு கோப்பை என்று மனுஷ முகத்தைப் போலப் பார்த்து வைத்துக்கொள்வார். இத்தனை காலமும் அப்படியே ஓடிவிட்டது.

பெர்ரியில் அக்கரை போய் பாகான் டாலாமில் புதுக்கடைகளுக்கும் அரிசி போட ஆரம்பித்ததும்தான் வினை. முந்தின தடவை பார்த்து வைத்திருந்த காமாரியா கடையின் சிவப்புப் பலகையைக் காணோம். வரிசையில் எல்லாக் கடையும் ஒரே மாதிரி. யாரையாவது கேட்கலாம், கடைப் பேர் எழுதின சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், ஆள் படிக்காதவன் என்று தெரிந்துபோகுமே. மூட்டையோடு திரும்பி வந்து, “கடையை மூடிட்டாங்க ஹாஜியார்” என்றார்.

“மூடின கடையிலேருந்து எப்படிய்யா போன் வருது? கடைக்காரம்மா கத்துது! பலகைக்குப் பச்சைச் சாயம் அடிச்சா கடை காணாமப் போயிடுமா? திங்கக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா வேன் சாவிய வேற ஆளுகிட்ட குடுத்துருவேன். புதுசா இன்னும் ரெண்டு கடை வேற இருக்கு.”

மனைவி சுலைஹா மலாய்ப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். சனிக்கிழமை எழுத்துப் படிக்க அவளிடம் போய் உட்கார்ந்தார். மலாய் எழுதும் ரூமி என்கிற ஆங்கில எழுத்துகளின் பேரெல்லாம் மத்தியானத்துக்குள் வாயில் வந்துவிட்டன. சேர்க்கத்தான் வரவில்லை.

“எம்மும் ஏயும் சேர்ந்தா எம்மேன்னுதானே வரணும்? அது எப்படி புள்ள ‘மா’ ஆவும்?”

அவள் மறுபடியும் முதலிலிருந்து எழுதிக் காட்டினாள். அவர் வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், வேனைத் துடைத்தார், துடைத்த வேனையே மறுபடி துடைத்தார். படுத்தாலும் புரண்டுகொண்டே இருந்தார்.

ஞாயிறு விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு குர்ஆன் ஓத உட்கார்ந்தார். மனப்பாடம் இல்லாத ஓரிடத்தில் தயங்கி, அரபு எழுத்தைக் கூட்டி ஓதினார். அடுப்படியிலிருந்து சுலைஹா ஓடிவந்தாள்.

“என்னங்க, மீம் எழுத்துக்கு மேலே ஜபர் கோடு இருந்தா என்ன சொல்றீங்க?”

“ம.”

“மீம்ஜபர்னா சொல்றீங்க? மீம்ங்கிறது அதோட பேரு. ஓதும்போது பேர விட்டுட்டு சத்தத்தத்தானே எடுக்கிறீங்க? எம்முக்கும் அப்படித்தான் லா!”

அல்லாஹ் கொடுத்த அறிவு உள்ளேயே இருந்திருக்கிறது. அவர்தான் வாசல் தெரியாமல் நின்றிருக்கிறார். அன்று முழுக்க வீட்டில் இருந்த டின், பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தார். மாட்டுப்படம் போட்ட டின்னைப் பார்த்ததும் “சூசு” என்று பட்டென்று சொன்னார். சுலைஹா படத்தைக் கையால் மூடினாள்.

“பால் டின்னுன்னு எனக்கும் தெரியும். மாட்டப் படிக்காதீங்க, எழுத்தப் படிங்க.”

இருவரும் சிரித்தார்கள். அவர் அடுத்த பொட்டலத்தை எடுத்தார்.

திங்கட்கிழமை. பாகான் டாலாமில் புதுக்கடை இரண்டையும் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்து மூட்டையை இறக்கிவிட்டார். காமாரியா கடைதான் மிச்சம். வரிசையில் பச்சைப் பலகையே நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் நின்று கூட்டினார். முதல் எழுத்தைப் பார்த்ததும் ஊகித்துவிடலாமா என்று வாய் பறந்தது. அடக்கிக்கொண்டார். உதடு அசைய, “காஃப் ஜபர் க... கா... மீம்... மா... ரி...”

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, போர்டுக்கு ஓதி ஊதுறீங்களா? என் கடைக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?”

“...யா. காமாரியா!”

“நான்தான். அன்னைக்கு அரிசி வராம நான் பட்ட பாடு இருக்கே! சீக்கிரம் எறக்குங்க.”

அவர் மூட்டையைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் இறக்கினார். பெர்ரியில் திரும்பும்போதும் சும்மா இருக்க முடியவில்லை; கம்பியில், சுவரில், படகில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய் கூட்டிக்கொண்டே வந்தது.

கடைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. ஹாஜியார் வாசலிலேயே நின்றார்.

“ஏன்யா இவ்வளவு நேரம்?”

“எல்லாக் கடையும் தெறந்துதான் இருந்துச்சு ஹாஜியார்,” என்று சொல்லி அலாவுதீன் சாவியை நீட்டினார்.

ஹாஜியார் அதை வாங்கவில்லை. “நாளைக்கு வெள்ளனா வந்துரு” என்றார்.