மூன்று பானை

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பானை விற்ற அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டதே இல்லை. தடித்த உருவம், எப்போதும் சுருங்கியிருக்கும் இடது கண். பானையை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, "எதுக்கு?" என்று கேட்காமல் கொடுக்கமாட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பிரெஞ்சு சர்க்காரின் சாராய இலாகாவில் சேவகன். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களைத் தேடி அலைந்ததில் தெருநாய்களுக்கு அறிமுகமானதுதான் மிச்சம். அவளோ உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒருவன் சேர்ந்தாற்போல் மூன்று பானை வாங்கினால், அது அடுக்கிவைத்துச் சாராயம் காய்ச்சத்தான். அன்றே அவன் மனைவிக்குச் சேதி போய்விடும். அந்தப் பெண்கள் எங்களை நம்பியதில்லை, அவளை நம்பினார்கள்.

"எங்ககிட்ட சொன்னா என்ன?" என்றேன்.

"நீங்க ஆளப் புடிச்சிக்கினு போயிடுவீங்க, முசியே. பொண்டாட்டின்னா பானையத்தான் ஒடைப்பா. வூட்டுல ஆளும் இருப்பான், எனக்கும் இன்னொரு பானை விக்கும்."

அக்கா மகள் கல்யாணத்துக்காக ஒருமுறை நானும் மூன்று பானை வாங்கினேன். எதுக்கு என்று கேட்டாள், உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்குப் போனால் வாசலில் என் மனைவி உலக்கையோடு நிற்கிறாள்.

அந்த அம்மாள் நிஜமாகவே சந்தேகப்பட்டாளா, இன்னும் மூன்று பானை விற்கப் பார்த்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.