கழுத்திறகு போன காரணம்

"ஐப்பசி, முதல் ஞாயிறு. கறுப்புப் பெட்டைக்குக் கழுத்தின் முன்பக்கம் இறகு இல்லை. காரணம்: பக்கத்து வீட்டுச் சோறு."

கோழிகளுக்காக நான் வைத்திருக்கும் நாட்குறிப்பில் உள்ளது இது. சந்தேகம் என்று எழுத வேண்டிய இடத்தில் காரணம் என்று எழுதியிருக்கிறேன்.

பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நாலு கோழிகள். இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண். காலையில் பாத்திரம் கழுவும்போது மிஞ்சின சோற்றைக் கோழிகளுக்குப் போடுவார். பூனைக்குப் பயந்து புரட்டாசியில் நான் கோழிகளைச் சுற்றிக் கம்பி வலை அடித்தேன். அதற்குப் பிறகும் மதில்மேல் கையை நீட்டி, வலைக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டுப் போவார்.

இறகு போனதும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சிறகுக்கடியில் விலக்கிப் பார்த்தேன், பேன் இல்லை. உப்பு மிகுந்தால் கோழிக்கு ஆகாது என்று படித்தது மட்டும் மனதில் நின்றுவிட்டது. மறுநாள் குடிநீர் யந்திரத்தின் முன்னால், தெருவே கேன்களோடு வரிசையில் நிற்கும்போது அவரிடம் சொன்னேன்.

"உங்க சோத்துல உப்பு காரம் ஜாஸ்திம்மா. அதான் கோழிக்கு எறகு கொட்டுது."

"அந்தச் சோறுதாண்ணா நாங்களும் துன்றோம். எங்களுக்கு ஒண்ணும் கொட்டலியே."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றோடு சோறு நின்றது.

இறகு கொட்டுவது நிற்கவில்லை. மற்ற மூன்றுக்கும் அதே இடத்தில் வழுக்கை விழுந்தது. ஐப்பசி கடைசியில் ஒரு காலை, பின்வாசற்படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். மதிலுக்கு அப்பால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நாலு கோழிகளும் ஓடிப்போய் வலைக் கண்ணுக்குள் தலையை நுழைத்து, கழுத்தை எட்டும் மட்டும் நீட்டின. சோறு இல்லை. தலையை இழுத்துக்கொண்டபோது கம்பியில் கறுப்பு இறகு ஒட்டியிருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். அந்த உயரத்தில் வரிசையாக இறகுகள். நான் அடித்த வலை. முதல் நாளே நான் அந்தப் படியில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

அன்றே சின்னக் கண் வலை வாங்கி மாற்றினேன். மாலை மதிலருகே நின்று, தப்பு சோற்றில் இல்லை, என் வலையில்தான் என்று அவரிடம் சொன்னேன்.

துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு தண்ணி லைன்ல எல்லாரும் இருந்தாங்கண்ணா. இன்னிக்கு ஒருத்தரும் இல்லியே" என்றார்.



அடுத்த ஞாயிறு கேனோடு போய், வரிசையில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கோழிக் கதையா சார் என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டியவர் அன்று வரிசைக்கு வரவில்லை.

இப்போது கார்த்திகை. கோழிகளின் கழுத்தில் குச்சி குச்சியாகப் புது இறகு. மதிலோரம் சோறு இல்லை. நான் வரிசையில் சொன்னது அவர் காதுக்குப் போனதா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.