வடிவு மார்க் சீயக்காயும் என் தங்கச்சியும்

குன்றக்குடியில் ஒரு முழு மொட்டை. சலிப்புக்கூடத்தில் பழைய இடம். மத்தியானச் சோற்றை மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடும் உரிமை. கடைசியாக, எங்கள் அய்யா வைத்த பெயர். என் தங்கச்சி போராடி வாங்கியவை இவ்வளவுதான். இதெல்லாம் ஒரு ஜெயமா என்று கேட்பவர்கள் உண்டு. எதிரே நின்றவர் கெட்டவராக இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நின்றவர் நல்லவர். நல்லவரை எதிர்த்து ஒன்றை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அவரிடம் வேலை பார்த்த எங்களுக்குத்தான் தெரியும்.

அழகுசுந்தரம் மலேயாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றை வாங்கி, சீயக்காய் அரைத்துப் பாக்கெட் போடும் கம்பெனி ஆரம்பித்தார். தொடங்கிய வருடமே நான் சலிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கதவைத் திறப்பவர் அவர்தான். 'முதலாளி' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "அப்பச்சின்னு கூப்பிடுங்க. நீங்க கூலிக்கு வந்தவுக இல்ல, வீட்டு மக்க" என்பார். வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் கம்பெனித் தூளைத் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடுதான் வர வேண்டும். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நுழையும் ஒவ்வொரு தலையிலும் சரக்கு மணக்கிறதா என்று பார்ப்பார். தன் பிள்ளை தலைக்குத் தேய்க்காததை ஊரான் பிள்ளைக்கு விற்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

ஒரு தடவை வந்த மூட்டையில் வேறு ஏதோ காய் கலந்திருந்தது. அரைத்த பிறகுதான் தெரிந்தது. அத்தனையையும் பின்கட்டில் குழி தோண்டிக் கொட்டச் சொன்னார். நாங்கள் எல்லோரும் நின்று பார்க்க வேண்டும் என்றார். "முழுசுன்னு சொல்லிட்டு முக்கால் குடுத்தா அதுக்குப் பேரு கலப்படம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் எங்களுக்குள் ஊறிவிட்டது. வீட்டில் மிளகாய்த்தூளைக்கூட உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துதான் குழம்பில் போடுவேன். "அவ மூக்கு கம்பெனி குடுத்த மூக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை தொடங்குமுன் முந்தின நாள் பாக்கெட் ஒன்றை எல்லோர் முன்னாலும் பிரித்து, கையில் கொட்டிக்கொண்டு, "குறை உண்டா?" என்று கேட்பார். "இல்லை அப்பச்சி" என்போம். உண்மையாகவே குறை இருக்காது. நாளாக ஆக, சரக்கைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே அந்தப் பதிலைச் சொல்லப் பழகிவிட்டோம். அவர் சிரித்தால் கிட்டங்கி முழுக்கச் சிரிக்கும். அவர் வாடினால் அரவை மெஷின்கூட மெதுவாக ஓடுவதுபோல் இருக்கும்.

1964இல் என் தங்கச்சியும் அங்கே சலிப்பு வேலைக்கு வந்தாள். அவள் புருஷன் சின்னச்சாமி கம்பெனியின் சரக்கு வண்டி ஓட்டினார். குடியிருந்தது கம்பெனிக்குப் பின்னால் அப்பச்சி கட்டிக்கொடுத்த வீட்டில். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும் முடி. ஒரு வெள்ளிக்கிழமை அதை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததை அப்பச்சி பார்த்தார். அடுத்த வாரமே போட்டோ பிடிப்பவர் வந்துவிட்டார். அதுவரை பாக்கெட்டில் சும்மா ஒரு பூ போட்டிருந்தது. பூ போய், முதுகைக் காட்டித் திரும்பிப் பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு 'வடிவு' என்று பெயர் வைத்தார்கள். தங்கச்சியின் சொந்தப் பெயர் பாக்கெட்டுக்கு நீளமாம். சரக்கு பறந்தது. கடைகளில் யாரும் சீயக்காய் என்று கேட்பதில்லை, "ஒரு வடிவு குடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

ஏஜெண்டுகள் வந்தால் பேர் மாறிக் குழம்பக் கூடாது என்று, கம்பெனிக்குள் எல்லோரும் அவளை வடிவு என்றே கூப்பிட வேண்டும் என்றார் அப்பச்சி. கிளார்க் சத்தியமூர்த்தி சம்பளப் புத்தகத்திலும் அப்படியே எழுதிவிட்டார். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் அஞ்சாவது வரை படித்தேன். அவள் முறை வரும்போது வீட்டில் கைக்குழந்தை இருந்தது, பார்த்துக்கொள்ள அவளை நிறுத்திவிட்டார்கள். அதனால் 'வடிவு' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் பெருவிரலை உருட்டினாள்.

பிறகு முன்கட்டில் கண்ணாடி போட்ட அறை ஒன்று வந்தது. அதில் ஒரு நாற்காலி, எதிரே வெள்ளித் தட்டில் தூள். வருகிறவர்கள் பார்க்க முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அரவைத் தூசி படக் கூடாது. வெயில் பட்டால் முடி செம்பட்டையாகும். சோற்றுக் கையோடு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சாப்பாடும் தனியாகப் போயிற்று. வீட்டுக்குப் போகும் அந்த நாலு எட்டு தூரத்துக்கு வாட்ச்மேன் மாயக்கண்ணன் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார். "மகாராணி வாராக, வழி விடுங்கடி" என்று சலிப்புக்கூடத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அவள் கேலிக்குப் பதில் சொல்ல அங்கே நிற்க முடியாது. குடை நகர்ந்துவிடும்.

மதுரை ஏஜெண்டு நாகநாதன் முதல் தடவை வந்தபோது, இவ்வளவு முடி நிசமாக இருக்குமா என்று சந்தேகப்பட்டார். அப்பச்சி பெருமையாக, "இழுத்துத்தான் பாருங்களேன். சவுரி இல்ல" என்றார். நாகநாதன் இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் இழுத்துப் பார்த்தார்கள். சம்பளத்தில் குறை வைக்கவில்லை, பண்டிகைக்குப் பட்டு, பிள்ளைக்குப் பால். எங்கே போய் என்னவென்று சொல்வது? வீட்டு மக்கள் வீட்டைப் பற்றிக் குறை சொல்வார்களா?

1969இல் அவள் மகன் சேதுவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைப்பான் என்று டாக்டர்கூடச் சொல்லவில்லை. பிள்ளை எழுந்து நடந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்தான். அவள் அப்பச்சியிடம் போய்ச் சொன்னாள்.

அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். "பூமுடி குடுத்துருத்தா. அதுவும் முடிதான். முருகன் என்ன முழம் போட்டா பாக்கப்போறாரு?" என்றார். பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் காணிக்கை போடுவது. பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அவள் வேண்டிக்கொண்டது அதுவல்ல.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் புத்தி சொன்னார்கள். அப்பச்சி யாரையும் அனுப்பவில்லை, அவர்களாகவே வந்தார்கள். அந்த முடியை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்றார் சத்தியமூர்த்தி. பெரியவர்கள் சொன்னால் சாமி சொன்னமாதிரி என்றார் மாயக்கண்ணன். கேலி செய்த பெண்களே கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். வேலை போனால் வீடும் போகுமே என்று சின்னச்சாமிக்குப் பயம். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சேதுவுக்கு லேசாகத் தும்மல் வந்தாலும் அவள் முகம் செத்துப்போகும். கடன்பட்ட சாமி வாசலில் வந்து நிற்கிறது என்பாள்.

கண்ணாடி அறையில் பேச்சுத்துணை இல்லை. ஒரு நாள் நான் புதுத் தூள் கொண்டுபோனபோது, தன் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். தட்டில் இருந்த தூளில் விரலால் எழுதிக் காட்டினேன். பிறகு நான் உள்ளே போகும்போதெல்லாம் ஒரு எழுத்து. யாராவது வந்தால் உள்ளங்கையால் தடவிச் சமமாக்கிவிடுவாள். ஏஜெண்டுகள் அவள் எழுதியிருந்த தூளைத்தான் கிள்ளி முகர்ந்து பார்த்து, நல்ல சரக்கு என்றார்கள். 'ண' மட்டும் அவளுக்குப் படியவில்லை. மூன்று சுழிக்குப் பதில் இரண்டோடு நிறுத்தி 'ன' ஆக்கிவிடுவாள். "ஒரு சுழி விட்டா என்னக்கா, நான் நான் இல்லாமப் போயிருவனா?" என்று கேட்டாள். போய்விடுவாய் என்றேன்.

1972 தை மாதத்தில், சித்திரைப் பொருட்காட்சிக்கு மதுரையில் கடை போடப்போவதாக அப்பச்சி சொன்னார். கடை வாசலில் வடிவு நிற்பாள், நாள் முழுக்க. அதைக் கேட்டு எல்லோரும் கைதட்டினோம். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் பாக்கெட் பிரித்தார்கள். அப்பச்சி தூளைக் கையில் கொட்டிக்கொண்டு, குறை உண்டா என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லி முடித்த பிறகு, தனியாக ஒரு குரல் வந்தது.

"இருக்கு அப்பச்சி."

அறையை விட்டு வெளியே வந்து நின்றாள். அவர் சிரித்தார். "சரக்குலயாத்தா?"

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. குறை என்கிட்ட. மொட்டைன்னு வேண்டிக்கிட்டேன், பூமுடி குடுக்கச் சொல்றீக. முழுசுன்னு சொல்லிட்டு முக்கால் குடுத்தா அதுக்குப் பேரு என்னன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். முதல் தடவையாக அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கையில் இருந்த தூளைத் தட்டிவிட்டு, வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளும் நானும் வேலைக்குப் போகாமல் குன்றக்குடி பஸ்ஸுக்கு நின்றோம். சின்னச்சாமி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பஸ் வந்தபோது சேதுவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். எங்களோடு ஏறிக்கொண்டார்.

அடிவாரத்தில் மொட்டை அடிப்பவர் அவள் கொண்டையை அவிழ்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பாக்கெட்டுல இருக்கவுக நீங்கதான? இத எடுத்தேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி எனக்குச் சோறு போடமாட்டா. அவ உங்க தூளத்தான் தேய்க்கிறா" என்றார்.

"முழுசா எடுங்கண்ணே" என்றாள்.

மடியில் முடி விழுந்து குவிந்தது. கடைசியில் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காத்து வருதுக்கா" என்றாள். 

மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். தலையில் சந்தனத்தோடு வரிசையில் வந்து நின்றாள். முன்னும் பின்னும் நின்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள். சத்தியமூர்த்தி புத்தகத்தைப் பார்த்து, வடிவு என்று கூப்பிட்டார். நிமிர்ந்தவர் அவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். "இதுல வடிவுக்குத்தான் இருக்கு" என்று முனகினார். பக்கத்தில் அப்பச்சி உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையை வெகுநேரம் பார்த்தார். சின்னச்சாமி அதற்குள் மனசுக்குள் வீட்டைக் காலி செய்து முடித்திருப்பார்.

"வெயில்ல துணி கட்டிக்கத்தா, புதுசா மழிச்ச தலை" என்றார் அப்பச்சி. பிறகு சத்தியமூர்த்தியிடம், "வடிவு பாக்கெட்டுல இருந்துட்டுப் போகட்டும். இவுக பேரு என்ன? அத எழுதுங்க" என்றார்.

சத்தியமூர்த்திக்கும் மறந்துபோயிருந்தது. அவளைக் கேட்டார், அவள் சொன்னாள். அப்படியானால் மதுரைக்கு யார் போவது என்று அவர் இழுத்தபோது, "பாக்கெட்டு போகும்" என்றார் அப்பச்சி.

அவர் மாறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். குடை நின்றது, வீடு நிலைத்தது, தங்கச்சி சல்லடைக்குத் திரும்பினாள். ஆனால் அடுத்த மாதமே கண்ணாடி அறையில் ஒரு மரப்பொம்மை வந்து உட்கார்ந்தது, முழங்கால் வரை சவுரியோடு. அதை யாரும் இழுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்களும் எங்கும் போய்விடவில்லை. அதே கதவு, அதே அப்பச்சி. ஆனால் அந்தச் சம்பள நாளுக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை காலையில் அவர் குறை உண்டா என்று கேட்டபோது, பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லோரும் முதலில் அவர் கையில் இருந்த தூளைப் பார்த்தோம்.

அது திங்கட்கிழமை. அதற்கு முன், அந்தச் சனிக்கிழமை சம்பள மேசையில் இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. சத்தியமூர்த்தி புது வரியில் பெயரை எழுதிவிட்டு, பழக்கத்தில் மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் அதைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்திவிட்டு, பேனாவைக் கேட்டாள். தூளில் விரல் ஓடியதுபோல் காகிதத்தில் பேனா ஓடவில்லை. இரண்டு இடத்தில் மை தேங்கியது. 'ண்' வந்ததும் நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டு, மூன்று சுழியையும் போட்டாள். அம்மாக்கண்ணு. பக்கத்தின் தலைப்பில் சத்தியமூர்த்தி காலையிலேயே போட்டுவைத்திருந்த தேதி, 12-2-1972.