பாலத்தடிக் கிளுவைகள்

மாசி பிறந்தால் காவிரி மெலிந்துவிடும். மணல் திட்டுகளுக்கு நடுவே அங்கங்கே குட்டைகள் மட்டும் மிஞ்சும். வடக்கே திரும்பிப் போகும் கிளுவை என்ற சின்ன வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் அந்த நாட்களில் அங்கே தங்கும். நல்ல தண்ணீர் இருக்கும் குட்டையை விட்டுவிட்டு, திருச்சிக் கரையில் பாலத்துக்குக் கீழே சாக்கடை வந்து விழும் இடத்தில்தான் மொய்க்கும். புழுவும் பாசியும் அங்கேதான் அதிகம் என்பார் என் கணவர்.

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்தைத் தாண்டி நடந்து போவோம். கரையெல்லாம் மலம். பன்றிகள் புரளும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் பைனாகுலரைப் பிடித்துப் பார்ப்பேன். ஆண் கிளுவைக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு பட்டை வளைந்து ஓடும். அந்த நாற்றத்துக்கு நடுவே அது அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இதை என் கணவர் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவருடைய மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எங்கய்யா உன் வாத்து? காட்டு, பார்க்கலாம்."

என் கணவர் கை நீட்டிக் காட்டினார். அதிகாரி ஜீப்பின் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

இரண்டு முறை சுட்டார். கூட்டம் முழுக்க எழும்பிப் பாலத்துக்கு மேலே பறந்தது. ஏழெட்டுப் பறவைகள் சாக்கடையிலேயே கிடந்தன. அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். "போய் எடுத்துட்டு வாய்யா." அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடை வரைக்கும் அந்தக் கறுப்புச் சேற்றில் இறங்கினார். ஒரு கிளுவை ஒற்றைச் சிறகால் தண்ணீரை அடித்தபடி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு இன்னும் உசிர் இருக்குங்க."

"கழுத்தைத் திருகிப் போடு."

"மலத்துல மேயறதைப் போய்ச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கழுவினா எல்லாம் சரியாயிடும்மா," என்று சிரித்தார். கால்களைச் சேர்த்துக் கட்டிய இரண்டு பறவைகளை என் கணவரிடம் நீட்டினார். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அது தெரிந்தும், கோயிலில் பிரசாதம் வாங்குவதைப் போலக் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார் இவர். அலகிலிருந்து சொட்டியது ரத்தமா சாக்கடையா என்று தெரியவில்லை. சட்டைக் கையெல்லாம் நனைந்தது.

ஜீப் போனதும் நான் மணலில் குந்தி வாந்தியெடுத்தேன். தலையைப் பிடிக்க வந்தார்.

"அந்தக் கையால என்னைத் தொடாதீங்க."

"நான் என்ன பண்ணட்டும்? அவர்கிட்டதானே வேலை பார்க்கணும்?"

பறவைகளைச் சலவைத்துறையில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு என் பின்னாலேயே வந்தார். பாலம் முழுக்க நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் சோப்பு போட்டுப் போட்டுக் கையைக் கழுவினார். பல நாள் அவர் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பை வாங்கவே எனக்குக் குமட்டியது.

மறு வருஷம் மாசியில் அதிகாரி எங்கள் வாசலிலேயே வந்து நின்றார். "வாத்து வந்தாச்சா?"

"இந்த வருஷம் ஒண்ணுகூட வரலீங்க சார். சாக்கடையைத் திருப்பி விட்டுட்டாங்க போல," என்றார் என் கணவர். முந்தின நாள்தான் நாங்கள் இருவரும் கொள்ளிடத்தில் பெரிய கூட்டத்தைப் பார்த்திருந்தோம்.

அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே லால்குடிப் பக்கம் ஏரிகளைத் தேடிப் போனார். அங்கே எத்தனையைச் சுட்டாரோ, தெரியாது. கதவைச் சாத்திவிட்டு இவர் என் முகத்தைப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்திருப்பார். பொய் சொல்ல வந்த வாய்க்கு, 'சுடாதீங்க' என்று சொல்ல மட்டும் ஏன் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. உலையைப் பார்க்கப் போனேன்.